பரங்கி நாட்டு வள்ளி

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. பேட்டை என்றாலே வியாபாரம் நடக்கிற ஊர் என்று பொருள். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் இந்த வட்டாரத்துக் கடைத்தெரு எதற்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, கோலமாவு, புதுப்பானை. இவற்றுக்கு நடுவே தரையில் சாக்கை விரித்து இரண்டு குவியல். ஒன்று வெங்காயத் தோல் நிறத்தில் சிவந்த கிழங்கு, மற்றது மண் ஒட்டிய வெள்ளைக் கிழங்கு.

குவியலுக்கு எதிரே குந்திய ஆயா முதலில் விலை கேட்பதில்லை. ஒரு கிழங்கை எடுத்துக் காம்புப் பக்கம் நகத்தால் கீறுவார். பால் துளிர்த்தால் புதுசு. அடுத்து மூக்கருகே கொண்டுபோவார். வண்டு விழுந்த கிழங்குக்கு ஒரு காட்டம் உண்டு, கழுவினாலும் போகாது.

"ஏம்பா, மாவா இருக்குமா, இல்ல நீர் கோத்துக்கினு கெடக்குமா?"

"மாவுதான் ஆயா. அவிச்சா வெடிச்சி நிக்கும்."

"போன வருசமும் இதான் சொன்ன."

இந்தப் பேச்சில் எங்கேயும் ரகத்தின் பெயர் வராது. இதே மனிதர்கள் முந்திரிக் கன்று வாங்கப் போனால் "விஆர்ஐ 3 இருக்கா?" என்று கேட்பார்கள். விருத்தாசலத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், அங்கே உருவான முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் விஆர்ஐ என்ற முன்னெழுத்தும் ஒரு எண்ணும் ஒட்டிக்கொண்டு ஊர்ப் பேச்சிலேயே கலந்துவிட்டன. சர்க்கரைவள்ளிக்கு அப்படி எதுவும் இல்லை. சிவப்பா, வெள்ளையா? மாவா, நீரா? இந்த இரண்டு கேள்விக்குள் அதன் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. கதை நீளமானது, கடல் கடந்தது.

பெயரிலிருந்து தொடங்கலாம். அந்தப் பெயரே இரவல்.

வள்ளி என்றால் கொடி. சங்க காலத்தில் வள்ளிக்கிழங்கு என்று சொன்னால் அது மலைக்காட்டில் தானாக விளைகிற கிழங்கு; தாவரவியலார் இன்று டயாஸ்கோரியா என்ற பேரினத்தில் வைப்பது. பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே அங்கே கிடைக்கும் நான்கு பொருளைக் கணக்கெடுக்கிறார். மூங்கில் நெல், பலாப்பழம், தேன், இவற்றோடு வள்ளிக்கிழங்கு. புறநானூற்றில் அது 109ஆம் பாட்டு. வேந்தர்கள் மலையைச் சுற்றி எத்தனை நாள் முற்றுகையிட்டாலும் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடக்கமாட்டார்கள் என்று சொல்ல அவருக்கு இந்தக் கிழங்கு பயன்பட்டது. முருகன் மணந்த வள்ளிக்கு அந்தப் பெயர் வாய்த்ததும், கிழங்கு அகழ்ந்த குழியில் அவள் குழந்தையாகக் கிடைத்ததால்தான் என்கிறது புராணம்.

அந்த வள்ளி வேறு, பொங்கல் குவியலில் இருக்கும் வள்ளி வேறு. பழைய வள்ளி இந்த மண்ணுக்கு உரியவள். புதியவள் தென்னமெரிக்கா, நடு அமெரிக்காப் பக்கம் பிறந்தவள். வெளியூரிலிருந்து வந்த மருமகளுக்குக் குலப்பாட்டியின் பெயரை வைத்து வீட்டோடு சேர்த்துக்கொண்டது போல, நிலத்துக்கடியில் பருக்கும் எல்லாவற்றுக்கும் தமிழர்கள் வள்ளி என்று பெயர் சூட்டினார்கள். முன்னால் ஒரு அடையாளம் மட்டும் ஒட்டினார்கள். இனித்தது சர்க்கரைவள்ளி, மரம்போல் நின்றது மரவள்ளி, யாழ்ப்பாணத்தார் கூழ் காய்ச்சிக் கொண்டாடும் ஊதாக் கிழங்கு இராசவள்ளி. இதில் இராசவள்ளி ஒன்றுதான் பழைய வள்ளியின் சொந்த இனம். மரவள்ளி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது.

சர்க்கரைவள்ளியின் உறவுக்காரர்கள் யார் என்று பார்த்தால் கடலூர் மாவட்டத்தாருக்குச் சிரிப்பு வரும். ஐபோமியா என்ற அதே பேரினத்தில் ஒரு பக்கம் குளத்தில் படரும் வள்ளைக்கீரை இருக்கிறது. இன்னொரு பக்கம் ஏரிக்கரை, வாய்க்கால் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, பொதுப்பணித் துறைக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு. ஆடு மாடு தின்றால் நஞ்சாகும் அந்தப் புதரும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். இரண்டின் பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே புனல் வடிவம், அதே வெளிர் ஊதா. ஒரு அக்காவுக்குச் சர்க்கரைப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இடம், மற்ற அக்காவுக்குப் பொக்லைன்.

கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு ஸ்பானியர்கள் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆப்பிரிக்கக் கரைக்கும் இந்தியக் கரைக்கும் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். கரீபியத் தீவு மக்களிடம் ஸ்பானியர்கள் கேட்ட பெயர் பட்டாட்டா. அந்தச் சொல் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் கிழங்கு வந்த வழி தெரியும். சிங்களத்தில் பத்தல, யாழ்ப்பாணத்தில் வத்தாளங்கிழங்கு. மராத்தியில் படாட்டா என்றால் இன்று உருளைக்கிழங்கு. ஆங்கிலத்திலும் அப்படியே, உருளைக்கிழங்குக்குக் கிடைத்த பொட்டேட்டோ என்ற பெயர் இதனிடமிருந்து போனதுதான். பெயரைப் பறிகொடுத்த கிழங்குக்கு இனிப்பு என்ற அடைமொழியைச் சேர்த்து ஆறுதல் சொன்னார்கள்.

கேரளத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலில் மலையாளக் கரையின் செடிகளைப் படத்தோடு பதிவு செய்தார். அதில் கப்பக்கிழங்கு என்ற பெயரில் இருப்பது சர்க்கரைவள்ளி. கப்பலில் வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். பின்னால் மரவள்ளி வந்து கேரளத்தையே பிடித்துக்கொண்டபோது கப்பை என்ற பெயரையும் அது எடுத்துக்கொண்டது. இப்போது மீன்குழம்போடு கப்பை சாப்பிடுகிற யாருக்கும் சர்க்கரைவள்ளியின் நினைவு வராது.

தமிழ்நாட்டில் மட்டும் பெயர் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. வடக்கே சர்க்கரைவள்ளி, தெற்கே சீனிக்கிழங்கு; இரண்டும் இனிப்பைச் சொல்கின்றன, ஊரைச் சொல்லவில்லை. துறைமுகத்துச் சுங்கச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தது போல.

துறைமுகமும் தொலைவில் இல்லை. விருத்தகிரீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதிய துறைமுகம். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பரங்கியருடைய பேட்டை. அதே பரங்கியின் பெயர் பரங்கிக்காயில் அப்படியே இருக்கிறது. பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரத்துச் செம்மண்ணையே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்ட முந்திரி பிரேசில் நாட்டு மரம். மலையாளத்தில் அதற்குப் பரங்கிமாவு என்றே ஒரு பெயர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போன தென்னார்க்காட்டு நிலக்கடலையும் தென்னமெரிக்காவினுடையது. மிளகாய், தக்காளி, கொய்யா, மக்காச்சோளம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் தன் கொல்லையைச் சுற்றி வந்தால் பாதி அமெரிக்காவைச் சுற்றி வந்த மாதிரி.

இதில் எந்தக் காய் நம்முடையதாக ஆனது, எது ஆகவில்லை என்பதைச் சிதம்பரத்தில் பார்க்க வேண்டும்.

மார்கழித் திருவாதிரை அன்று நடராசருக்கு ஆருத்ரா தரிசனம். வீடுகளில் களி, அதோடு ஏழுகறிக் கூட்டு. சேந்தனார் வீட்டுக் களியை இறைவன் விரும்பி உண்ட கதையை அந்த நாளில் சொல்லாத வீடு குறைவு. கூட்டுக்குக் காய் நறுக்கும்போது ஒரு விதி உண்டு. நாட்டுக் காய்தான் போட வேண்டும். உருளை, கோஸ், கேரட் எல்லாம் 'இங்கிலீஷ் காய்', சேர்க்கக் கூடாது. பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், கருணை போடலாம். பரங்கிக்காயும் போடலாம், சர்க்கரைவள்ளியும் போடலாம்.

உருளையும் சர்க்கரைவள்ளியும் ஒரே கண்டத்திலிருந்து வந்தவை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் உருளையைப் பயிரிட வைத்தது 1820களில். அதற்கு நெடுங்காலம் முன்பே சர்க்கரைவள்ளி கொல்லைக்குள் வந்துவிட்டது. முன்னே வந்தவன் நாட்டுக்காரன், பின்னே வந்தவன் இங்கிலீஷ்காரன். அடுக்களைச் சட்டம் அவ்வளவுதான். ஆசாரம் பார்க்கும் பல வீடுகளில் திவசச் சமையலுக்கு மிளகாய் ஆகாது, மிளகுதான். சர்க்கரைவள்ளி ஆகும். முன்னோர்களுக்குப் படைக்கும் இலையில் இடம் கிடைத்த பிறகு அதை அந்நியம் என்று யார் சொல்ல முடியும்?

நிறத்துக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியப் பயிர்களைப் பட்டியலிட்ட தாவர நூல்கள் சர்க்கரைவள்ளியைப் பற்றிச் சொல்லும்போது சிவப்பு, வெள்ளை என்று இரண்டு வகை சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. மங்கலம்பேட்டைச் சாக்குக் குவியலும் இன்றுவரை அதே கணக்கில்தான் நிற்கிறது. இடையில் எத்தனையோ ரகம் வந்து போயிருக்கும். வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது தோல். நாக்குக்குத் தெரிவது மாவு. இவை இரண்டுக்கும் நடுவே இருப்பது எதுவும் சந்தைக்கு வருவதில்லை.

காரணம் பயிரின் உடம்பிலேயே இருக்கிறது. நெல்லைப் போல இதற்கு விதைக் கோட்டை கிடையாது. கிழங்கு வெட்டியதும் கொடியின் நுனியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, பார் பிடித்த நிலத்தில் இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் அதுதான் அடுத்த பயிர். ஒரு எக்டேருக்குச் சுமார் 80,000 துண்டு வேண்டும். அதை விலைக்கு வாங்குகிற வழக்கம் நேற்று வந்தது. அதுவரை பெரியம்மா வீட்டிலிருந்து, சம்பந்தி ஊரிலிருந்து, கொடியாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவதுதான். வாங்கி வந்த ஊரின் பெயர் ஒன்றிரண்டு ஆண்டு ஒட்டியிருக்கும். பிறகு அதுவும் உதிர்ந்து சிவப்பு என்றோ வெள்ளை என்றோ ஆகிவிடும். சீனத்தில் 1593இல் சென் சென்லுங் என்ற வணிகர் லூசோன் தீவிலிருந்து ஃபூஜியனுக்கு இதைக் கடத்தி வந்ததாகச் சொல்வார்கள். ஸ்பானியர்கள் கண்ணில் படாமல் கப்பல் கயிற்றோடு கயிறாகக் கொடியை முறுக்கி வைத்தாராம். கக்கத்தில் இடுக்கி வரும் பெரியம்மாவுக்கு அந்தத் தந்திரம் தேவைப்படவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொடி வழியாகவே பெருகுவதால் எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும். ஆனால் கணுவில் வரும் சின்ன மரபுப் பிறழ்ச்சியால் சிவப்புத் தோல் கொடியில் திடீரென்று ஒரு வெளிறிய கிழங்கு தொங்கும். வீட்டில் அதைக் கலப்பு என்று திட்டுவார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அதையே பிரித்தெடுத்துப் புது ரகமாக்குவார்கள்.

நட்டு மூன்றரை, நான்கு மாதத்தில் கிழங்கு. இடையில் கொடியைப் புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கணுவும் தரையில் வேர்விட்டுச் சத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, விரல் தடிமனுக்கு மேல் எதுவும் பருக்காது. பெரிய எதிரி கூன்வண்டு. மழை குறைந்து மண் வெடித்தால் வெடிப்பு வழியே இறங்கிக் கிழங்கில் முட்டையிடும். புழு குடைந்த கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்புப் பொருளைச் சுரக்கிறது. ஆயா மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பது அதைத்தான். ஓர் ஓரத்தில் ஊசித்துளை இருந்தால் போதும், வெட்டி எறிந்துவிட்டு மீதியை அவித்தாலும் பானை முழுக்கக் கசக்கும். தோல் நிறத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், கடைசியில் கிழங்கு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது வண்டு.

வாங்கிய கிழங்கை அன்றைக்கே அவிக்காதவர்களும் உண்டு. ஒரு நாளோ இரண்டு நாளோ வெயிலும் காற்றும் பட வாடப் போட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். வாடினால் இனிப்பு கூடும் என்பது கைப்பழக்கத்தில் வந்த அறிவு, சரியான அறிவும்கூட. சேமிப்பில் இருக்கும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாகிறது. மிச்ச வேலை அடுப்பில் நடக்கிறது. கிழங்குக்குள்ளேயே இருக்கும் பீட்டா அமிலேஸ் என்ற நொதி, சூடு மெல்ல ஏறும்போது மாவை மால்டோஸ் சர்க்கரையாக உடைக்கும். சூடு வேகமாக ஏறிவிட்டால் நொதி செத்துப்போகும். நெல் அவித்த அடுப்பின் தணலில், சாம்பலுக்குள் புதைத்து மறந்துவிட்ட கிழங்கு தேனாக இருப்பதும், குக்கரில் மூன்று விசில் விட்டது சப்பென்று இருப்பதும் இதனால்தான். ரகத்தைக் குறை சொல்வதற்கு முன் அடுப்பைப் பார்க்க வேண்டும்.

பசியோடு இந்தக் கிழங்குக்கு உள்ள பழைய சம்பந்தம் அவ்வளவு இனிப்பானதல்ல. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. தோட்டக்காட்டில் இருந்த தமிழர்களில் தென்னார்க்காடு, வடார்க்காடு, திருச்சி, தஞ்சை மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். 1945 வரை அவர்களுக்குச் சோறு என்பது மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான். காலையிலும் அது, மாலையிலும் அது, கொடியின் தழை கீரை. அந்த மூன்றரை ஆண்டைக் கடந்து வந்த தலைமுறையில், பிறகு வாழ்நாள் முழுவதும் கிழங்கைத் தட்டில் பார்த்தாலே எழுந்து போனவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகளுக்கு அது புரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இங்கேயும் அரிசித் தட்டுப்பாடு. 1949இல் நேரு அரசு அரிசி, கோதுமைக்குப் பதிலாகச் சர்க்கரைவள்ளி, மரவள்ளி, வாழைப்பழம் ஆகியவற்றைத் துணை உணவாகச் சாப்பிடும்படி நாட்டைக் கேட்டுக்கொண்டது. 1950இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி மாவில் நிலக்கடலை மாவைக் கலந்து மைசூர் மாவு செய்தது. அரிசி வடிவத்தில் செயற்கை அரிசியும் செய்து பார்த்தது. எதுவும் ஒட்டவில்லை. தமிழ்நாட்டில் கிழங்கை யாரும் வெறுத்துவிடவில்லை. பொங்கலுக்கு அவிப்பார்கள், மாலையில் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், மொச்சைக் குழம்பில் போடுவார்கள். ஆனால் சோறு இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்துப் பார்க்க மனம் வரவில்லை. தின்பண்டமாக இருந்தால் அது இனிப்பு. சாப்பாடாக ஆக்கினால் அது வறுமை. அரசாங்கச் சுற்றறிக்கை அந்தக் கோட்டை அழிக்க முடியவில்லை.

ரகம் வளர்க்கிறவர்கள் இந்தக் கோட்டை வேறு திசையிலிருந்து அணுகினார்கள். திருவனந்தபுரத்துக்கு அருகே ஸ்ரீகாரியத்தில் 1963இல் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஸ்ரீநந்தினி, ஸ்ரீவர்த்தினி, ஸ்ரீரத்னா, ஸ்ரீபத்ரா, ஸ்ரீஅருண் என்று கோயில் பிரகாரத்தில் கூப்பிடுகிற மாதிரிப் பெயர்களோடு ரகங்கள் வந்தன. ஸ்ரீபத்ராவுக்கு ஒரு விசேடம்: வேர்முடிச்சு நூற்புழுவைத் தன் வேருக்கு இழுத்து, அங்கே பெருகவிடாமல் முடக்கிவிடும். கோவையிலிருந்து கோ 1, கோ 2, கோ 3, கோ சிஐபி 1 வந்தன. விளைச்சல் கூடியது, காலம் குறைந்தது. பெயர் மட்டும் சாக்குக் குவியல்வரை வந்து சேரவில்லை.

பெரிய பந்தயம் சதையின் நிறத்தில்தான். ஆரஞ்சுச் சதை என்றால் பீட்டா கரோட்டின், அதாவது உடம்புக்குள் வைட்டமின் ஏ ஆகிற பொருள். ஸ்ரீகாரியம் நிலையம் 2017இல் கொண்டுவந்த பூசோனா ரகத்தில் 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். வழக்கமான ரகங்களில் இரண்டு மூன்று. கூடவே வந்த பூகிருஷ்ணாவின் சதை கத்தரிக்காய் ஊதா, உப்பு நிலத்தையும் தாங்கும். மாலைக்கண் நோய் வாட்டிய நாட்டுக்கு இதைவிட மலிவான மருந்து எது? இருந்தும் ஆரஞ்சுக் கிழங்கை இங்கே ஒருவர் முதல் தடவை பிளந்து பார்த்தால் "என்னா இது, கேரட்டாட்டம்" என்பார். பொதுவாக ஆரஞ்சு கூடக்கூடச் சதையில் ஈரம் கூடும், மாவு குறையும். மாவு குறைந்தால் ஆயாவின் முதல் கேள்விக்கே பதில் இல்லை.

இதே சிக்கலை அமெரிக்கா தலைகீழாகத் தீர்த்தது. அங்கே வடக்கு மாநிலங்களில் வெளிறிய, வறண்ட மாவுக் கிழங்கு விற்றது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் மில்லர் ஈரமும் இனிப்புமான ஆரஞ்சு ரகங்களை உருவாக்கினார். அதை வேறுபடுத்தி விற்க 1937இல் லூசியானாக்காரர்கள் யாம் என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தார்கள். உண்மையான யாம் என்பது டயாஸ்கோரியா, அதாவது கபிலர் எண்ணிய வள்ளி. குழப்பம் முற்றியதால், யாம் என்று எழுதினால் பக்கத்தில் சர்க்கரைவள்ளி என்பதற்கான சொல்லையும் எழுத வேண்டும் என்று அந்நாட்டு வேளாண் துறை விதி வைத்தது. வள்ளியின் பெயரை எடுத்துச் சர்க்கரைவள்ளிக்குச் சூட்டிய வேலையைத் தமிழர்கள் விளம்பரம் இல்லாமல், விதியும் இல்லாமல், எப்போதோ செய்து முடித்திருந்தார்கள்.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், உகாண்டா நாடுகளில் ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியதற்காக மரியா அந்திராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர் ஹோவார்த் பூயிஸோடு சேர்ந்து 2016இல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள். அவர்களுக்கு முதலில் எதிர்ப்பட்ட சுவரும் மாவுதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரியவர்கள் கேட்பது உலர்பொருள் 30 சதவீதத்தைத் தொடுகிற மாவுக் கிழங்கு. அமெரிக்க ஆரஞ்சில் அது ஐந்தில் ஒரு பங்குதான். குழந்தைகளோ இனிப்பான ஈரக் கிழங்கை மறுக்காமல் தின்றன. நிறத்தை வைத்துக்கொண்டு மாவையும் சேர்க்கப் பல ஆண்டு ஒட்டுச்சேர்க்கை செய்ய வேண்டியிருந்தது. பூசோனாவில் உலர்பொருள் 27 முதல் 29 சதவீதம் என்று நம்மவர்கள் அழுத்திச் சொல்வதற்குப் பின்னாலும் இந்தப் பாடம் இருக்கிறது.

கொரியர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். கஷ்டப்பட்டு ரகப் பெயர் சொல்வதில்லை, வாயில் எப்படி இருக்கும் என்பதையே பெயராக்கிவிட்டார்கள். மாவாக இருந்தால் கஷ்கொட்டைக் கிழங்கு, குழைந்தால் பூசணிக் கிழங்கு, நீர் கோத்தால் தண்ணீர்க் கிழங்கு. மங்கலம்பேட்டைச் சாக்கில் நடக்கும் பேச்சை அப்படியே பெயர்ப்பலகையில் எழுதிய மாதிரி. ஜப்பானியர்கள் நெடுங்காலம் மாவுக் கிழங்கைத்தான் விரும்பினார்கள். 2010இல் பதிவான பெனி ஹருகா போன்ற குழைகிற ரகங்கள் வந்த பிறகு அந்த நாட்டு நாக்கே மாறியது. நாக்கு மாறாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இங்கேயும் ஒரு மாற்றம் தெரிகிறது. சர்க்கரை நோய்க்குப் பயந்து சோற்றைக் குறைத்தவர்களும், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும் கிழங்கைத் தேடி வருகிறார்கள். 1949இல் அரசு கெஞ்சியும் நடக்காதது, மருத்துவர் சொன்னதும் நடக்கிறது. சர்க்கரை என்ற பெயரைப் பார்த்து மிரள்கிறவர்களும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தார் பத்து ரகங்களை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் காட்டும் குறியீடு, அவித்த கிழங்குக்கு 41 முதல் 50 வரை; சுட்டதற்கும் ஓவனில் வாட்டியதற்கும் 79 முதல் 94 வரை. தேனாக இனிக்கும் தணல் கிழங்கை ஆசைக்கு வைத்துக்கொண்டு, பானையில் அவித்ததை நாள்தோறும் சாப்பிடலாம் என்று கொள்ளலாம். ஆயாக்கள் பானையில் அவித்தது விறகை மிச்சம் பிடிக்க.

பொங்கல் முடிந்தால் குவியல் காணாமல் போகும். காணும் பொங்கலன்று மிச்சமிருப்பது கருவாட்டுக் குழம்பில் மொச்சையோடு வேகும். வெட்டிய கொல்லையில் கொடி மலைமலையாகக் கிடக்கும், அதில் பெரும்பங்கு ஆட்டுக்கு. வீட்டுக்காரம்மா மட்டும் ஒரு பிடிக் கொடியை அறுத்துக்கொண்டு வந்து, பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் ஓடும் மூலையில் செருகி வைப்பார். அடுத்த நடவுவரை அது அங்கே உயிரோடு இருந்தால் போதும். சிவப்புக் கொடியா, வெள்ளைக் கொடியா என்று கேட்டால், "கெழங்கு வெச்சாத்தான் தெரியும்" என்பார். ஆடு எட்டாமல் இருக்க மேலே ஒரு முள்ளை வெட்டிப் போட்டிருப்பார்.